சிவலிங்கத்தின் பெயரில் பிடித்த பந்துகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரியகல்லாற்றில் ஓட்டுச் சூளை கட்டினேன். சுனாமி கொண்டுபோனது, மறுபடி கட்டினேன். யுத்தத்தில் ஷெல் விழுந்தது, மூன்றாம் தடவையும் கட்டினேன்.

நேற்று எங்கள் ஊர்க் கல்லூரி மண்டபத்தில், அந்தக் காலத்தில் தோல்வியே காணாத உதைபந்தாட்ட அணிக்குப் பெயர்ப்பலகை எழுதினார்கள். பக்கத்தில் தேங்காயெண்ணெய் பூசிய பழைய தோல்பந்து. முகர்ந்ததும் பதினாறு வயதாகிவிட்டேன்.

அப்போது லொறியிலிருந்து எறியும் ஓடுகளை உடையாமல் ஏந்துவது என் வேலை. கல்லூரியின் கோல்காப்பாளன் சிவலிங்கம் விரல் முறிந்து வந்து நின்றான்.

"மச்சான், என்ட பேரில நீ நில்லு. ஆரும் கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு."

"நான் கொலிஜ் சேட்டுப் போட்டா சிரிப்பாங்கள்டா."

"பந்து உன்னட்டச் சேட்டிபிக்கட் கேக்காதுடா!"

அந்தப் பருவம் முழுவதும், மழையில் ஊறிக் கல்லாய்க் கனத்த பந்தை நெஞ்சில் வாங்கினேன். ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. சனம் "சிவலிங்கம்!" என்று கத்த, நான் கையசைத்தேன்.

நேற்று எழுதிய பலகையிலும் சிவலிங்கம்தான். கல்லூரி அதிபரிடம் உண்மையைச் சொன்னேன்.

"சாட்சி ஆராவது இருக்கா ஐயா?"

சிவலிங்கத்தைச் சுனாமி கொண்டுபோனது. அணித்தலைவன் கடைசி யுத்தத்தில் வன்னியில் காணாமல்போனான். மற்றவர்கள் இருக்கிறார்களா என்றே தெரியாது. இந்த ஒன்றுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதிபரிடம் இதை மட்டும் கேட்டேன்: அவன் பெயரை அழிக்க வேண்டாம். அதன் கீழே எழுதுங்கள்: பந்தைப் பிடித்தவன் தம்பிப்பிள்ளை.