நான்காவது பிரதி

ஓய்வூதியத்துக்காக வருஷா வருஷம் நான் உயிரோடிருப்பதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நகல் எடுக்கப் போனபோது, ஜெராக்ஸ் கடைப் பெண் எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டி, "எது ஒரிஜினல்னு நீங்களே பாத்துக்குங்க சார், எனக்குத் தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. நின்று நின்று கால் வேறு கடுத்தது. வெதுவெதுப்பான அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவற்றுக்கு வாசனையே இல்லை. கார்பன் தாளுக்கு உண்டு, மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களோ என்னவோ.

எழுபதுகளின் கடைசியில், மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கார்பனுக்கு அங்கே எப்போதும் பஞ்சம். ஒரே தாளை ஓட்டை விழும்வரை ஓட்டுவோம். நாலு பிரதி வைத்து அடித்தால் நாலாவதில் எழுத்து இருப்பதாக நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மெஷினில்தான், ஆபீஸ் முடிந்த மாலைகளில், எழுபது பக்கத்துக்கு ஒரு காதல் கதையை அடித்தேன். புளி வாங்க மலையேறி வருகிற ஒருவன், மலையிலேயே இருக்கிற ஒருத்தி. அறுபதாம் பக்கத்தில்தான் அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். அதுவரை மழை, பனி, மஞ்சளாகப் பேயெள்ளுப் பூ என்று ஒரே வர்ணனை. இலக்கியம் மெதுவாகத்தான் நடக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்களோ! கடைசிப் பக்கத்தில் அவன் ஒன்றும் சொல்லாமலே பஸ் ஏறிக் கீழே போய்விடுவான். அதை அடித்து முடித்துவிட்டு நானே கண்கலங்கினேன்.

உண்மையில் அது ஒருவர் படிப்பதற்காக மட்டும் எழுதியது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மல்லிகா டீச்சர், மலைக்குக் கீழே சந்தவாசல்காரர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் மங்கலாக எழுத்தைப் போட்டுக்கொடுத்து, அதன்மேலேயே எழுதிப் பழக்குவார். கதையில் வருகிறவள் பிடித்திருந்த நீலக் குடை அவருடையதுதான். வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவன் வேறென்ன செய்வான்?

ஆனால் பிரதிகளைப் பங்கிட்டபோது என் புத்தி எப்படிப் போனது பாருங்கள். முதல் பிரதி மெட்ராஸில் ஒரு பத்திரிகைக்கு. போனது போனதுதான். இரண்டாவது மேலதிகாரிக்கு, பதவி உயர்வு அவர் கையில் இருந்ததால். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "எந்த ஊர்லய்யா சித்திரையில சாமை அறுக்கறாங்க?" என்றார். விமர்சனம் அவ்வளவுதான். மூன்றாவது கண்டக்டர் ஏழுமலைக்கு. சனிக்கிழமை பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பவர் அவர்.

"இன்னா சார் இது, நான் பத்து தபா மலை ஏறி எறங்கிட்டேன், ஒங்க ஆளு இன்னும் அவ வூட்டு வாசல்லயே நிக்கறான்!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஊருக்குப் போக டீச்சரும் அதே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்த நாலாவதைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்று மாதம் அவர் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனதில் எனக்குச் செருப்புதான் தேய்ந்தது. ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கையில், நாடாவால் இறுக்கிக் கட்டிய ஃபைலை நீட்டினார்.

"மெதுவாத்தான் படிச்சேன் சார். எழுத்தே தெரியல."

"கதை எப்படிங்க?"

"கடைசிப் பக்கந்தான் எனக்குப் புடிக்கல. பிரிச்சிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

தெரியாத எழுத்தைப் படிக்கக் கொடுத்த வெட்கம் ஒரு பக்கம், பிடிக்கவில்லை என்ற ரோஷம் ஒரு பக்கம். என் கதையை நானே பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று கட்டோடு டிரங்குப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் ஏதோ கேட்கப்போகிறவர்போல நிற்பார். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பேன். அடுத்த வைகாசியில் அவருக்குக் கல்யாணம். மாற்றல் வாங்கிக்கொண்டு மலையை விட்டே போனார். வழியனுப்ப பஸ்ஸடியில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வீடு திரும்பியதும் அந்தப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். எத்தனை வீடு மாறியும் கூடவே வந்த பெட்டி. நாடா, தொட்டதும் இற்றுவிட்டது.

முதல் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தின்மேலும் பென்சில். மங்கிக் கிடந்த எழுத்துகளின்மேல், ஒன்றையும் விடாமல், உருட்டி உருட்டி அழுத்தமாக எழுதியிருந்தார் டீச்சர். புரட்டினேன். அறுபத்தொன்பது பக்கமும் அப்படியே. மூன்று மாதம் அவர் செய்த வேலை இதுதான். அன்றைக்கே பிரித்திருந்தால் பேசியிருப்பேன், எனக்கே தைரியம் வந்திருக்கும். இப்போது அழக்கூடத் தெம்பில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எழுபதாம் பக்கத்தில் மட்டும் அவர் பென்சில் படவில்லை. இத்தனை வருஷத்தில் கார்பன் அடியோடு போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். வெறும் தாள். அதில் என்ன வார்த்தைகளைப் போட்டேன் என்பதும் எனக்கு நினைவில்லை. அறுபத்தொன்பதில், டீச்சர் கையெழுத்தில், அவன் இன்னும் அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். பஸ் வரவில்லை.