தலையாட்டும் அப்பா: புதுச்சேரியில் ஒரு காட்சிப் பயிற்சி

பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பு நாடகத்தில் அப்பா வேடம் போட்டேன். முடிந்ததும் பக்கத்து வீட்டு நண்பர் கையைக் குலுக்கி, செய்தி வாசித்ததுபோல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். வாழ்நாளெல்லாம் செய்தியாளனாக இருந்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பார்? எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. புதுச்சேரியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடிகர்களுக்கான காட்சிப் பயிற்சிப் பட்டறை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டுடன் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டி, ஆகஸ்டில் கிளம்பினேன். என்னைப்போல மேடை ஆசையுள்ளவர்களுக்கு இந்தக் குறிப்பு பயன்படலாம்.

சென்னை திருவான்மியூரில் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினால், கடற்கரைச் சாலை வழியாக ஒன்பது மணிக்குள் புதுச்சேரி. பேருந்து நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்டார்கள், கொடுத்தேன். ஓட்டுநரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, வெயில் எப்படி என்று. அவர் மகனின் பள்ளிக்கூடச் சேர்க்கைக் கதையை முழுவதும் சொல்லி முடிக்கவும் இடம் வரவும் சரியாக இருந்தது. இறங்கும்போது, “உங்ககிட்ட பேசினா பேசிக்கினே இருக்கலாம் சார்” என்றார். இப்படிச் சொன்னவர்கள் என் தொழிலில் பலர். மகிழ்ச்சியோடு பையை எடுத்துக்கொண்டேன்.

பட்டறை ஒரு சைக்கிள் கடைக்கு மேல், மாடிக் கூடத்தில். பத்துப் பேர். நடத்துபவர் மார்த்தா, நாற்பது வயதிருக்கும். இங்கேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒரு காட்சி முடிந்தால் “வொலா”, அதாவது அவ்வளவுதான், என்று பிரெஞ்சில் சொல்லிக் கையைத் தட்டுவார். அவர் தட்டுவதோடு சரி, வேறு யாரும் தட்டக் கூடாது. பார்த்தவர்கள் “நன்று”, “சரியில்லை” இரண்டையும் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் “நான் பார்த்தது” என்று தொடங்கி, கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நடித்தவர் விளக்கம் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாம். உடனே காட்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். பாராட்டு வேண்டுமென்றால் எதிரே டீக்கடை இருக்கிறது என்றார் மார்த்தா.

எனக்கு ஜோடியாக வந்தவர் ரேவதி. கருவடிக்குப்பத்தில் வீடு, கதிர்காமத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஆறு நிமிடக் காட்சி: வெளியூரில் வேலை கிடைத்த மகள், விடிந்தால் கிளம்பப்போவதாக அப்பாவிடம் சொல்கிறாள், அப்பா கடைசிவரை காதில் போட்டுக்கொள்ள மறுக்கிறார். ஞாயிறு மாலை எல்லாக் காட்சிகளையும் பார்க்க உள்ளூர் நாடகக் குழுவின் இயக்குநர் வருகிறார், புது நாடகத்துக்கு ஒரு பெண் தேவை என்று. முதல் நாளே ரேவதி என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“அவரு முன்னாடி ரெண்டு தடவ நடிச்சிட்டேன் சார். ரெண்டு தடவயும் பாக்கலாம்னுட்டாரு. இதுலயும் இல்லன்னா விட்டுட்டு மருந்து எடுத்துக் குடுக்கப் போறேன்.”

சனிக்கிழமை காலை முதல் முயற்சி. ரேவதி வேகமாகத் தொடங்கி, பாதியில் சுருதி இறங்கி நின்றார். குரல் தேய்ந்தது, கை தொங்கியது என்று அவரைப் பற்றியே எல்லோரும் சொன்னார்கள். மறுபடி கத்திச் செய்தார். இன்னும் மோசம். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்போது வங்கியில் வேலை பார்க்கும் ஜோசப் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் பார்த்தது, அப்பா தலைய ஆட்டிக்கினே இருக்காரு. பொண்ணு மூச்சு வுடும்போதெல்லாம் ஒரு ஆட்டு.”

இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். விளக்கம் சொல்லத் தடை. ஆனால் ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதான் எனக்கு சண்டையே வரல. நீங்கதான் ஆரம்பத்துலயே போய்ட்டு வாம்மான்னு சொல்லிட்டீங்களே சார்.”

பேட்டி எடுப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடாமல் இருக்க, சிறிதாகத் தலையசைப்போம். அதை வைத்துத்தான் பிழைத்தேன். அந்த அசைப்பு, மகள் வாயைத் திறக்குமுன்பே சம்மதம் கொடுத்த அப்பாவாக என்னை ஆக்கியிருந்தது. முட்டுவதற்குச் சுவர் இல்லாமல் ரேவதி தடுமாறியிருக்கிறார்.

அடுத்த முறை கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். “நான் பார்த்தது, சுளுக்கு புடிச்ச ஒருத்தர்” என்றார் ஜோசப். கூடமே சிரித்தது, நானும்தான்.

கேள்வி கேட்கலாமே, கேட்டேன். மார்த்தா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார், அந்த அப்பாவுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று. மகள் பேச்சை நிறுத்த வேண்டும் என்றேன்.

“அப்ப தலைய வுடுங்க. கேக்காம இருக்கறதுக்கு அவருக்கு ஒரு வேல குடுங்க.”

கூடத்தின் மூலையில் ஓடாத மேசை விசிறி ஒன்று கிடந்தது. கீழே சைக்கிள் கடையில் திருப்புளி வாங்கி வந்தேன். ஞாயிறு மதியம்வரை ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த விசிறியை நிஜமாகவே கழற்றி மாட்டினேன். கவனம் திருகில் போனதும் தலை தானாக நின்றுவிட்டது. ரேவதிக்குக் கோபமும் வந்தது. அதைக் குரலை உயர்த்தித்தான் காட்டினார். அது போதாது என்று அவருக்கே தெரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு இயக்குநர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். காட்சி நடுவில், நாங்கள் ஒத்திகை பார்க்காத ஒன்று நடந்தது. என் கையிலிருந்து ஒரு திருகு நழுவி உருண்டது. குனிந்து தேடினேன், நடிப்பாக அல்ல. ரேவதி வசனத்தை நிறுத்தினார். திருகு அவர் காலடியில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“குடும்மா” என்றேன். அது எழுதிய வசனம் இல்லை.

“நான் சொல்றத கேளுங்கப்பா, தரேன்.” அதுவும் இல்லை.

பிறகு மீதி வசனம் முழுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து, குரலே உயர்த்தாமல் சொன்னார். எனக்குக் கைவேலை இல்லாமல் போனதால் அவரைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளில் முதல்முறையாக அந்தப் பெண் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

மார்த்தா “வொலா” என்றார். விதி இயக்குநருக்கும் உண்டு. அவர் கொஞ்சம் யோசித்து, “நான் பார்த்தது, காது குடுக்காத ஆள உக்கார வச்சு கேக்க வச்ச பொண்ணு” என்றார். அடுத்து ரேவதியிடம், கடையில் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். ஆறு மணிக்கு என்றதும், ஒத்திகையை ஆறரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். ரேவதி கையைத் திறந்து திருகைத் திருப்பித் தந்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வாரக் கடைசியில் அறை வாடகை கடுமை. முத்தியால்பேட்டைப் பக்கம் தொள்ளாயிரத்துக்குச் சுத்தமான அறை கிடைத்தது. காலையில் கடற்கரைவரை நடந்து போய்வரலாம். ஆகஸ்டில் நன்றாகப் புழுங்கும், துண்டு அவசியம். அந்த மேசை விசிறியை நம்பாதீர்கள், அதை நான் மாட்டியது சரியில்லை. வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். உங்களைப் பற்றிச் சொல்வதை வாதாடாமல் கேட்டு, உடனே மறுபடி செய்து பாருங்கள். நான் அங்கே கற்றதெல்லாம் இதன் வழியாகத்தான்.

போன வாரம் ரேவதி தொலைபேசியில் அழைத்தார். நாடகம் அடுத்த மாதம், கட்டாயம் வர வேண்டுமாம்.

“இந்த நாடகத்துல நான் சொல்றத யாருமே காதுல வாங்க மாட்டாங்க சார். நீங்களாச்சும் முன்வரிசைல உக்காந்து தலைய ஆட்டுங்க.”