ஆணியில் தொங்கும் அட்டை

மலேசியாவில் கோலா சாவா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் பார்க்கும் அக்கா அவர். காலையில் குலை வெட்டும் அரிவாள்களைக் கொடுத்து, மாலையில் வாங்கிப் பூட்டுவார். அரிவாள் எடுப்பவர் தன் பெயர் அட்டையை ஆணியில் மாட்ட வேண்டும்; அரிவாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அட்டை கைக்கு வரும். பேசும்போதும் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மார்பகப் புற்றுக்காக அவருக்கு அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டுப் போயிருந்தேன்.

"வெட்டிப் போட்ட சதை ஒங்களுக்கு எதுக்கு? யாருக்கு விக்கப் போறீங்க?"

"விக்கலக்கா. புத்துநோய் செல்லு மேல அரிவாள் மாதிரி ஒரு என்சைம் இருக்கு. பக்கத்துல இருக்கறத வெட்டி வழி பண்ணும். செல்லு அத உள்ள இழுத்துக்கும். ஆனா எல்லாத்தையும் அழிக்காது, மறுபடி வெளிய அனுப்பிடும்."

சாவியைத் தொட்ட கை நின்றது. "நம்ம ஸ்டோர் மாதிரிதான் லா. அங்க சாவி யாருகிட்ட?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் கேக்கறோம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

"கழுத்துல தொங்கற ஒங்க அட்டைய ஆணியில மாட்டிட்டுப் போங்க. சாவி யாருகிட்டன்னு வந்து சொல்லிட்டு எடுத்துக்கலாம்."

மாட்டிவிட்டு வந்தேன்; ஆய்வுக்கூடத்தில் அது தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் புது அட்டை வாங்கினேன். பழையது இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது.