ஒரகடத்தில் தோற்ற குர்மீத் சிங்

எங்கள் ஒரகடம் லாரி உரிமையாளர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில்தான் செய்தி வந்தது. ‘கனடா எம்.பி.யின் பெரியப்பா மறைவு’ என்று போட்டிருந்தார்கள். குர்மீத் சிங் என்ற பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. இறந்த அன்றுகூட அவரை அவர் பெயரால் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

லூதியானாவிலிருந்து டிரைவராக வந்து, பிறகு சொந்த லாரிகள் வைத்தவர். தண்டலம் டீக்கடைகளில் தமிழ் கற்றவர். தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் டிரைவர்களுக்கு அப்போது கழிப்பறை கிடையாது. சிங் நேராக மேலாளரிடம் போய், “சார், உங்க கார் டிரைவருக்கு உள்ள பாத்ரூம் கீதில்ல? எங்க ஆளுக்கு மட்டும் முள்ளுப் புதரா?” என்று கேட்டார். விடாமல் அலைந்தார். கட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாப் படத்தில் அன்றைய சங்கத் தலைவர் சிரிக்கிறார்; சிங் இல்லை.

அவருடைய தம்பி மகள் கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோது மட்டும் பட்டாசு, மாலை, ஃபிளெக்ஸ். மாலை போட்டவர்கள் மறுநாளே பிள்ளைகளின் விசாவுக்காகத் தனித்தனியாக வந்தார்கள். “எம்.பி.ன்னா விசா ஆபீஸ் இல்ல சார்” என்று சிரித்து அனுப்பினார். அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கியர் அல்லாதவர்கள் என்பதை அவர் சொல்லிச் சொல்லி பூரித்துப்போவார். அந்தப் பூரிப்பில்தான் நம்மையும் நம்பி, சங்கத் தலைவர் தேர்தலில் நின்றார்.

அவர் பெயரை முன்மொழிந்தவன் நான். விசாவுக்காக வந்தவர்களில் ஒருவர் எழுந்தார். “சிங்கு நல்ல மனுசன்தான். ஆனா தலைவர்னா நம்ம ஆளா இருக்கணும்ல?”

கைதட்டினார்கள்.

தோற்று வெளியே வந்தவர் லாரியின் மேல் கை ஊன்றி நின்றார். “தாடி இங்கதான் நரைச்சுது சார். இன்னும் எத்தினி நரைச்சா நான் உள்ளூரு?” என்றார். அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் அந்தப் பெண் கனடாவிலிருந்து என்னை அழைத்தாள். இந்தியில் பேசினாள்.

“அங்கிள், அவையில் பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறேன். ‘அந்த ஊர் அவரைத் தன் மனிதராகவே ஏற்றுக்கொண்டது’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?”

“அந்த வரியை எடுத்துவிடும்மா.”

“பெரியப்பா என்னிடம் எதுவுமே சொன்னதில்லையே.”

“சொல்லியிருக்க மாட்டார். இங்கே ஒரு தேர்தலில் நின்றார், அவரைத் தெரிந்தவர்களே தோற்கடித்தார்கள். அதைச் சொல்.”

சொன்னாள். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில், குரல் நடுங்காமல், அப்படியே சொன்னாள். அந்த ஆங்கில வீடியோவை நம் குழுவில் யாரோ பகிர்ந்தார்கள். யாரும் முழுக்கக் கேட்கவில்லை போலும். கீழே வரிசையாக ‘நமக்குப் பெருமை’ என்று கைகூப்பியிருந்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் வெளியே காட்டாமல் வைத்திருந்த கோபம் மட்டும்தான். அதை ஆறவிடுவதாக இல்லை.