ஏரிக்கரைக் கடையில் தெரிந்த ஓட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், அமெரிக்காவில் ரெனோ என்ற ஊருக்குப் போயிருந்தேன். சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன ஊர். நான் சூதாடப் போகவில்லை. எனக்கு அவ்வளவு தைரியமும் கிடையாது, அப்படி அனுப்பி வைக்கிற மனைவியும் வாய்க்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவுக்கு நான் பொறுப்பு. எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் பையரின் அலுவலகம் ரெனோவில் இருந்தது. புது சாம்பிள்களைக் காட்டக் கிளம்பிய முதலாளி, பேச்சுத் துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார். கம்பெனியில் என்னை வேலைக்காகத் தெரிந்தவர்கள் குறைவு, வாய்க்காகத் தெரிந்தவர்கள் அதிகம்.

கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: “துணின்னு எதையாச்சும் தூக்கிட்டு வந்தீங்கன்னா ஊட்டுக்குள்ளயே உட மாட்டேனுங்க.”

நியாயம்தான். எங்கள் வீட்டில் தரை துடைக்கிற துணிகூட எக்ஸ்போர்ட் தரம்.

ஆனால் துணியை விட்டால் திருப்பூர்க்காரனுக்கு வேறு எதை வாங்கத் தெரியும்? தங்கியிருந்த விடுதியில் காலை டிபனுக்குப் போவதென்றால்கூட, மணியடித்துக்கொண்டிருக்கும் சூதாட்ட இயந்திரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் ஓரத்திலேயே கடைகள். பகடைக்காய் தொங்கும் சாவி வளையம், விளையாடித் தீர்த்த பழைய சீட்டுக்கட்டு, சிவப்பு மினுமினுப்பில் தொப்பி. சீட்டுக்கட்டை வாங்கிப்போனால் மாமனார் என்ன நினைப்பார் என்று யோசித்து வைத்துவிட்டேன். ஊருக்கு வெளியே இருந்த பெரிய வணிக வளாகத்துக்குப் போனால் முதலாளி மானத்தை வாங்கினார். எந்தக் கடையில் நுழைந்தாலும் சட்டையை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பார். துணியை இரண்டு விரலால் நெருடி, “இது நம்ம பக்கத்துச் சரக்குதாம்ப்பா” என்பார். நான் இன்னொரு பக்கம் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேர் கடை முழுக்கத் துணியைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனால் யார் சும்மா விடுவார்கள்? மூன்றாவது கடையில் காவலாளி ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். நான் அவருடைய சட்டைத் தையலையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பையர் எங்கள் இருவரையும் டாஹோ ஏரிக்குப் போகச் சொன்னார். மலைப்பாதையில் ஒரு மணி நேரப் பயணம். அங்கே சுற்றுலாக்காரர்கள் கூடுகிற கடைத்தெருவில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது, எங்கள் சரக்கு எப்படி விற்கிறது என்று நேரில் பாருங்கள் என்றார். ஏரியைப் பற்றி என்னைக் கேட்டால் நீலமாக இருந்தது என்பேன், அவ்வளவுதான். கண் எல்லாம் கடைகளில் இருந்தது. மரத்தில் செதுக்கிய கரடி, கம்பளித் தொப்பி, நம் கண்ணெதிரே கிண்டித் தருகிற சாக்லேட். பையரின் கடைக்குள் நுழைந்ததும் எங்கள் டி-ஷர்ட்டே தொங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சில் ஏரிப் படத்துடன். ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பார்க்கப் போன மாதிரி இருந்தது எனக்கு. அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கடையின் கோடியில் ஒரு மேசை. நரைத்த முடியுடன் ஒரு அம்மா, எங்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்து ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் விலைச் சீட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, முனையில் ஊசி. அதைத் தையலிலோ லேபிளிலோ குத்த வேண்டும். அவரோ சட்டையின் இடது அக்குளுக்குக் கீழே, துணியிலேயே குத்தினார். டக். அடுத்தது. டக்.

ஒன்றை எடுத்து அந்த இடத்தை விரலால் இழுத்துப் பார்த்தேன். கடுகு அளவு ஓட்டை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் கண்ணி விட்டுப் பெரிதானது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அந்த அம்மா சிரித்த முகமாகவே பதில் சொன்னார். ஊசி பழசாகிவிட்டது, மெல்லிய துணி என்றால் இப்படித்தான் ஆகிறது, ஓட்டை விழுந்ததை எல்லாம் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று காலடியில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். 

குனிந்து அந்தப் பெட்டியில் இருந்ததைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே இடம்.

அதற்கு எட்டு மாதம் முன்பு, பையரிடமிருந்து போட்டோக்களுடன் எங்களுக்கு ஒரு புகார் வந்திருந்தது. இடது அக்குளுக்குக் கீழே கடுகு அளவு ஓட்டை. எல்லாப் பீஸிலும் ஒரே இடம். மெஷின் ஊசி வெட்டியிருக்கிறது, செக்கிங்கில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். போட்டோவில் பீஸ்கள் மேல் தெரிந்த செக்கிங் நம்பர், எங்கள் செக்கிங் மேசையில் பதினெட்டு வருடமாக நின்ற ஒரு அக்காவுடையது.

“இல்லீங்க சார், என்ற கையத் தாண்டி ஓட்டை போவாதுங்க” என்றார் அவர்.

அப்போதே நான் விசாரித்திருக்கலாம். ஆனால் சுற்றிலும் நாற்பது பேர் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது. கழித்துப் போட்ட ஒரு கிழிசல் பீஸை எடுத்து, அதன் ஓட்டையைக் கண்ணில் வைத்து, அவரையே உற்றுப் பார்த்தேன்.

“அக்கா, இதுக்குள்ள பாத்தா எனக்கு அமெரிக்காவே தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்புடிங்க தெரியாமப் போச்சு?”

ஹாலே குலுங்கியது. லைனில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த பீஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார், அடுக்கி வைத்தார், வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நான் ஒன்றும் அவரைப் போகச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏரிக்கரைக் கடையில் விஷயம் தெரிந்ததும் முதலாளிக்குக் கொண்டாட்டம். “அப்ப தப்பு நம்மளுது இல்லப்பா! பையர்கிட்ட தைரியமாச் சொல்லலாம். சந்தோசப்படாம ஏம்ப்பா பேயறஞ்ச மாதிரி நிக்கற?”

“அந்தச் செக்கிங் அக்காங்க…” என்றேன்.

“எந்த அக்கா?”

ஊர் திரும்பியதும் ஆபீஸில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அமெரிக்கா போய்க் கம்பெனி பேரைக் காப்பாற்றினேனாம். ஒவ்வொரு பாராட்டுக்கும் எனக்கு உடம்பு கூசியது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு எங்கள் டெய்லர் ஒருவரிடம் விலாசம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற சாமளாபுரம் போனேன். பைக்கில் போகும்போது, அந்த அக்காவைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லி ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். புத்தி அப்படி.

அவர் வாசலில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கம்பெனி துணிக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது இரண்டாம் தடவைதான் கேட்டது. “வாங்க சார்” என்று எழுந்து தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டார்.

“ஓட்டை நான் உடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே” என்றார்.

“மன்னிச்சுருங்க அக்கா.”

“எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றீங்க. சிரிச்சாங்கல்ல, அவுங்களுக்குத்தானுங்க தெரியோணும்.” அடுத்த பீஸை எடுத்து மடியில் விரித்தார். “அன்னைக்குச் சாயங்காலம் கம்பெனி வேன்லயே எல்லாரும் ‘அமெரிக்கா அக்கா’ன்னு கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. வேற கம்பெனிக்குச் செக்கிங் வேலை கேட்டுப் போனனுங்க. அங்கயும் ஒருத்தி ‘அமெரிக்கா அக்கா வந்திருக்குது’ன்னா. அப்படியே திரும்பி வந்துட்டனுங்க.”

அந்தப் பேர் நான் வைத்ததுகூட இல்லை. என் ஜோக் தானாகவே நடந்து அடுத்த கம்பெனி வரைக்கும் போயிருக்கிறது.

திங்கட்கிழமை டீ இடைவேளை முடிந்ததும் செக்கிங் ஹாலுக்குப் போனேன். “எல்லாரும் ஒரு நிமிசம் இங்க பாருங்க” என்றேன். அதற்கே நாலைந்து பேர் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள்.

“அன்னைக்கு வந்த ஓட்டை அந்த அக்கா விட்டதில்லீங்க.”

சிரிப்பு.

“தப்பு என்னுதுங்க.”

இன்னும் பெரிய சிரிப்பு. “அப்ப சார்தான் பெரிய ஓட்டைங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு நானே கை கொடுத்திருப்பேன். அன்று சிரிக்காமல் நின்றேன். இத்தனை வருடம் சிரிக்க வைத்தே பழக்கிய கூட்டம். நான் உண்மை பேசுவேன் என்று அவர்கள் எப்படி நம்புவார்கள்?

கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்தான் கேட்டாள்: “சார், இதுக்குச் சிரிக்கோணுமா, வேண்டாமாங்க?”

“வேண்டாமுங்க.”

அவள் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்தாள். ஏரிக்கரைக் கடை, விலைச் சீட்டு ஊசி, பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அந்த அக்கா சொன்னது உண்மை, நான் சொன்னது வெறும் ஜோக் என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்று சிரித்தவர்கள்தானே எல்லோரும்.

சேதி அந்த அக்கா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். “அந்த சார் இருக்கற எடத்துல வேண்டாமுங்க” என்று அக்கா மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் வேறு கம்பெனியில் செக்கிங் மேசைக்கே சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் மன்னித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

ஜோக் அடிப்பதை நான் விட்டுவிடவில்லை, விடவும் முடியவில்லை. ஆனால் கூட்டம் சிரிக்கத் தொடங்கியதும், அதில் சிரிக்காத முகம் எதுவென்று தேடுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.