இரண்டாம் முறையும் கறுப்பு உருண்டை

என் அக்கா புருஷனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்தன்மையை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

ஐம்பதுகளில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் கிளையில், அதாவது லாட்ஜில், என்னைச் சேர்த்துவிட்டவர் அத்திம்பேர்தான். அவர் வக்கீல். லாட்ஜில் மூன்று பட்டங்கள் உண்டு. அதற்கு மேற்பட்ட பட்டங்களைத் தர, அனுமதிப் பத்திரம் பெற்ற சபைகள் தனியாக இருந்தன. பத்திரம் இல்லாத கூட்டத்தில் போய்ப் பட்டம் வாங்குவது குற்றம். எனக்கே தெரிந்த விஷயம் வக்கீலுக்குத் தெரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஜாரில் ஒரு மிளகுக் கிடங்குக்கு என்னை அழைத்துப் போனார்.

"முப்பதாம் பட்டம்டா. ஒண்ணும் பேடிக்காதே, பத்திரமெல்லாம் வந்தாச்சு."

உள்ளே ஏழெட்டுப் பேர், சுவரெல்லாம் கறுப்புத் துணி, திருப்பூணித்துறை நாடகக்காரர்களிடம் இரவல் வாங்கிய கத்தி. சகோதரனைக் காட்டிக்கொடுத்தவனைப் பழிவாங்குவேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். மிளகு நெடியில் நடுவே மூன்று முறை தும்மினேன். பத்திரத்தைக் காட்டுங்கள் என்று அக்கா புருஷனிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

விஷயம் கசிந்தது. தலை தப்பினால் போதுமென்று அத்திம்பேர் முந்திக்கொண்டார். தான் வேவு பார்க்கவே போனதாகவும், நான் ஆசைப்பட்டுப் பட்டம் வாங்கியதாகவும் லாட்ஜுக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பாராட்டு. நான் எல்லார் முன்னாலும் லாட்ஜ்காரன் என்பதற்கு அடையாளமாக இடுப்பில் கட்டிய வெள்ளைத் தோலை அவிழ்த்து வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் உள்ளே வராதே என்றார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்டனை முடிந்து, மெல்ல மெல்ல நல்ல பெயர் எடுத்தேன். முறையான மேற்பட்டச் சபை ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. அறுபதுகளில் அதே சபைக்கு அத்திம்பேர் விண்ணப்பம் போட்டார். எனக்குப் பண்டிகைதான்.

அங்கே ரகசிய வாக்கு. சம்மதமென்றால் பெட்டிக்குள் வெள்ளை உருண்டை, இல்லையென்றால் கறுப்பு. ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் வெளியே. திறந்தபோது கறுப்பு ஒன்றே ஒன்று கிடந்தது, நான் போட்டது. ஒன்று மட்டும் விழுந்தால் கை தவறியிருக்கலாமென்று இன்னொரு தடவை வாக்கெடுப்பது வழக்கம். பெட்டி மறுபடி என்னிடம் வந்தது. அக்காவை நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். பிறகும் கறுப்பையே போட்டேன்.

யார் போட்டது என்று வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவனை நீக்கிவிடுவார்கள். ஆனால் யார் அடித்தது என்று தெரியாத அடியில் எனக்கு ருசி இல்லை.

மறுநாள் காலை அத்திம்பேர் வீட்டுக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஆராக்கும் எனக்கு இப்படிப் பண்ணினது? நீ அங்கதானே இருந்தே?"

"நான்தான் அத்திம்பேர். ரெண்டு தடவையும்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"போய் எழுதிக் கொடுங்கோ. அதுதான் உங்களுக்கு நன்னா வருமே" என்றேன்.

எழுதித்தான் கொடுத்தார். என்னை நீக்கினார்கள். ஆனால் விழுந்த கறுப்பு விழுந்ததுதான்; அவரையும் கடைசிவரை உள்ளே விடவில்லை. எனக்கு அது போதும்.