சூட்டிக்கு வைத்த தண்ணீர்

கந்தசஷ்டிக்கு வீடு கழுவினால் எங்கள் குசினிக்குள் மீன்மணம் வரக்கூடாது. அதனால் பூனை சூட்டிக்கு வழமையாக வைக்கும் தகரத்தில் அடைத்த ஈரமான மீன் உணவை நிறுத்தி, காய்ந்த பிஸ்கற் வைத்தேன். அதுவும் மீனில் செய்ததுதான். மணக்காதபடியால் கண்டும் காணாமல் விட்டேன். பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் வைத்தேன்.

பிஸ்கற்றைத் தின்றவள் தண்ணீரைத் தொடவில்லை. இரண்டொரு நாளில் சோர்ந்துபோனாள். பிறகு ஒரு மாலை, குடிதண்ணீர்க் கலனுக்கு அடியில் சிந்தியிருந்த ஈரத்தை நக்குவதைக் கண்டேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் தீவில் கிணறெல்லாம் உவர். பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரைத்தான் நாங்கள் குடிப்போம். இவ்வளவு நாளும் தகர உணவில் இருந்த ஈரமே அவளுக்குப் போதுமாய் இருந்திருக்கிறது.

கலனிலிருந்து தண்ணீர் எடுத்துப் பிஸ்கற்றில் ஊற்றினேன்.

"என்னப்பா செய்யிறீர்? பவுசர் நாளைக்குத்தான் வரும். எங்களுக்கே காணாது" என்றார் கணவர்.

"அது உப்புத் தண்ணியைக் குடிக்க ஏலாமல் கிடந்திருக்குதப்பா."

பகல் முழுக்கத் தண்ணீரும் குடியாமல் விரதம் இருந்து, அப்போதுதான் செம்பைக் கையில் எடுத்திருந்தார் அவர். சூட்டியைப் பார்த்தார். செம்பில் பாதியை அவளுடைய கோப்பையில் ஊற்றினார்.

"விரதம் எங்களுக்குத்தானே. அதுக்கென்னத்துக்கு?"

வருசா வருசம் தாகத்தோடு விரதம் இருந்தவள் நான். பக்கத்தில் இன்னொரு சீவன் தாகத்தோடு கிடந்ததை அந்த வருசம்தான் கண்டேன்.